தண்ணீர் ஏறும்வரை ஒரு கூட்டம்

படகிலிருந்து இறங்கியபோது புடவையின் விளிம்பு நனைந்துவிட்டது. படகுத்துறை ஜெட்டியின் கீழ்ப்படிகளில் பச்சைப்பசேலென்று பாசி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிப்பி ஒட்டிய சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினேன். பாதி ஏறி அண்ணாந்து பார்த்தால், மேலே விளிம்பை ஒட்டி ஒரு சக்கர நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

நாற்காலியில் கௌசல்யா. பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், மடியில் புத்தகப் பை. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் நடக்க உதவாதவை. அதற்கும் சேர்த்து வாய் உண்டு. நான் வந்த படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குத் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய படகு அதுதான்.

“என்ன கௌசி, ஸ்கூல் லீவா?”

“ஸ்கூல் இருக்கு மேடம். தண்ணிதான் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். போர்ட் பிளேயர் மேடுகள் அக்கரையில் மூட்டத்துக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் கிடக்கின்றன. இத்தனை தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் தண்ணீர் இல்லை என்கிறாள்.

“கீழ பாருங்க. பாட்டா” என்றாள்.

கடல் வற்றி இறங்குவதைத் தீவில் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் அந்த இந்திச் சொல்லால்தான் சொல்வோம். கடல் ஏறியிருக்கும்போது படகின் தளமும் ஜெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கும். பலகை ஒன்றைப் போட்டால் நாற்காலி தானாக உருண்டு உள்ளே போய்விடும். பாட்டா நேரத்தில் படகு ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விடுகிறது. அப்புறம் அந்த வழுக்குப் படிகள்தான் வழி.

“தெரிஞ்சும் எதுக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்த?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான். சில நாள் காத்தடிச்சா கொஞ்சம் ஏறி நிக்கும்.”

என் கைப்பைக்குள் அவளைப் பற்றிய தாள் ஒன்று இருந்தது. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தத் தாள்

கௌசல்யா அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. ஆகவே அவளை வகுப்பிலிருந்து எடுத்து, ‘வீட்டிலிருந்தே கல்வி’ என்ற ஏற்பாட்டுக்கு மாற்றலாம் என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பகுதிக்குச் சிறப்பு ஆசிரியை நான்தான். நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு வட்டார அதிகாரி நேரில் வந்து பெற்றோரிடம் பேசி உத்தரவு போடுவார். அவ்வளவுதான் நடைமுறை. அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஆசிரியை அவள் வீட்டுக்குப் போவார், படகு கிடைத்தால், மழை இல்லாமலிருந்தால்.

எழுந்திருக்கவே முடியாத குழந்தைகளுக்கு அது நல்ல ஏற்பாடுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கௌசல்யா வகுப்புத் தலைவி. பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கூலியாக நெல்லிக்காய் வாங்கித் தின்கிறவள்.

வயதான மாணவி

சென்ற வாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: நாற்பதைத் தாண்டிய பிறகு எதற்கு முதுகலைப் படிப்பு, பதவி உயர்வுக்கா என்று. இல்லை ஐயா. மெயின்லேண்டிலிருந்து எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள், எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆசை. சிறப்புக் கல்வியில் ஆய்வும் கொள்கையும் என்ற முதுகலைப் படிப்பை இணையவழியில் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டில் யாரையும் கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.

போர்ட் பிளேயர் டெலானிபூரில் அரசாங்க குவார்ட்டர்ஸ், மேட்டின் மேல். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடிக்கணினி, எதிரே இரண்டு கட்டடங்களுக்கு இடையில் கொஞ்சம் கடல். அதுதான் என் பல்கலைக்கழகம்.

பாதி வகுப்புகளை நான் கனவில் கேட்டதுபோலத்தான் கேட்டேன். எங்களுக்குச் சீக்கிரமே இருட்டிவிடும். பேராசிரியை அமர்ந்திருக்கும் அறையில் ஜன்னல் வழியாகப் பொன் வெயில் அடிக்கும். என் தாழ்வாரத்தில் விளக்கைப் போட்டுப் பூச்சி விரட்டிக்கொண்டிருப்பேன். மழை வந்தால் நெட் போய்விடும். அவர் வாய் பாதி திறந்தபடி திரையில் அப்படியே நிற்பார். சத்தம் மட்டும் வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும்: “...ஆகவே குழந்தையின் குரலைக் கேட்காமல்...” என்று. முன்னே என்ன, பின்னே என்ன என்று தெரியாது. அந்தத் துண்டு வாக்கியங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டதுபோல் தூங்கிப்போவேன். எனக்கென்னவோ முழுதாகக் கேட்ட பாடங்களைவிட அவைதான் நிலைத்தன.

என் கணவர் துறைமுகத்தில் எலக்ட்ரீசியன். ராமநாதபுரத்துக்காரர். “வீட்ல ஒண்ணு பிளஸ் டூ படிக்குது, ஒண்ணு எம்.ஏ. படிக்குது. பரீட்சை நேரத்துல நான் ஹோட்டல்லதான் சாப்பிடணும் போல” என்பார். சொல்லிவிட்டு அவரே போய்க் குக்கரை வைப்பார். இந்தப் படிப்பு முடிந்ததில் பாதி புண்ணியம் அந்தக் குக்கருக்கு.

கண்டக்டர் எங்கே?

இதைச் சொல்லும்போது பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைச் சோதிக்கப் படங்கள் கொண்ட ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒரு படம் ரயில். சௌல்தாரியிலிருந்து வந்த ஒரு பையனிடம் காட்டினேன். அவன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ பெரிய பஸ்ஸுக்கு கண்டக்டர் எங்க மேடம்?” என்று கேட்டான்.

எங்கள் தீவுகளில் ரயிலே கிடையாது. அவன் கப்பலைக் காட்டினால் பெயர் சொல்வான், எந்தக் கப்பல் எந்தக் கிழமை வரும் என்றும் சொல்வான். பெட்டியோடு வந்த விடைத்தாளில் அதற்கு இடம் இல்லை. இப்போது அவன் ஆட்டோ ஓட்டுகிறான். டெய்ரி ஃபார்ம் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டால் காசு வாங்க மாட்டேன் என்று தகராறு செய்வான்.

ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று பேராசிரியை கேட்டபோது அந்த ரயில்தான் மனசில் ஓடியது. ஆனால் பயந்துபோய், எல்லாரும் எடுப்பதுபோல, ‘தீவுப் பள்ளிகளில் சாய்தளங்கள்’ என்று சொல்லிவைத்தேன். கௌசல்யாவின் பள்ளியில் அழகான சாய்தளம் இருக்கிறது. மஞ்சள் கோடு, இரும்புக் கைப்பிடி. மத்தியானத்தில் அதன்மேல் நாய்கள் படுத்திருக்கும். அந்தப் பள்ளியில் அதில் ஏறவேண்டியவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் வந்துசேர வழியில்லை.

பார்வதி சொன்னது

ஜெட்டியிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அன்று கௌசல்யாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பார்வதி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு அங்கே இருக்க மனம் வராமல் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். புருஷன் கட்டட வேலைக்குப் போகிறான்.

“முன்னாடியெல்லாம் பாட்டா அன்னிக்கும் போனாள்தானே?” என்று கேட்டேன்.

“போனா மேடம். சின்னப் புள்ளையா இருந்தா, நானே இடுப்புல வச்சு எறங்கிருவேன். அப்பறம் கனத்துப்போனா, போட்டுக்காரங்க தூக்கி எறக்கிவிட்டாங்க.” பார்வதி குரலைத் தாழ்த்தினாள். “இந்த வருசம் பெரிய மனுசியாயிட்டா. சடங்கு வச்சோம். அதுக்கப்பறம் ஆம்பளைங்க தொட்டுத் தூக்குறது வேணாங்கிறா. கூசுதுங்கிறா. அவ சொல்றதும் நியாயந்தானே?”

நியாயம்தான். பள்ளியில் யாரும் இதைக் கேட்கவில்லை. பார்வதியும் ஆண் ஆசிரியர்களிடம் போய் இதைச் சொல்லக்கூடியவள் அல்ல.

“அடுத்த படகுல போகலாமே? அதுக்குள்ள தண்ணி ஏறிடுமே?”

உள்ளேயிருந்து கௌசல்யா பதில் சொன்னாள். “மொத பீரியட் முடிஞ்சு போனா ஆப்சென்ட்தான் மேடம். அன்னிக்கு முழுக்க உக்காந்தாலும் ஆப்சென்ட். அதுக்கு எதுக்குப் போகணும்னு அம்மா சொல்லுது.”

பள்ளி இருக்கும் எதிர்க்கரையின் பெரிய ஜெட்டியில் மிதவை இருக்கிறது. தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். அங்கே இறங்குவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. சாயங்காலம் திரும்பும்போது தண்ணீர் இறங்கியிருந்தால் ஏறும்வரை படகுத்துறையில் பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். ஆக, அவளுக்குத் தேவைப்பட்டது சில காலைகளில் கொஞ்சம் தாமதம். அவ்வளவே.

கைப்பையிலிருந்த தாளைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்வதி தவிடு பிசைந்துகொண்டே இருந்தாள். கௌசல்யா நாற்காலியை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“வீட்டுக்கே வந்து பாடம் சொன்னா, நான் யாரோட சண்ட போடுறது மேடம்?”

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. எனக்கும்தான். எழுதுகிறவள் அழுததையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லாமே ஒன்றுதான்

அடுத்த வாரம் பேராசிரியையிடம் தலைப்பை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். கௌசல்யாவின் கதையையும், அந்த ஜெட்டியில் சக்கர நாற்காலிக்கு வசதி உண்டு என்று அலுவலகக் கோப்பில் எழுதியிருப்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஈஸ்வரி, ஒரு குழந்தையை வச்சு கொள்கை பேச முடியுமா?” என்றார்.

“எங்க தீவுல எல்லாமே ஒண்ணுதான் மேடம். ஒரு படகு, ஒரு ஜெட்டி, ஒரு பிள்ள.”

அவர் சிரித்தார். சிரித்தபடியே திரையில் நின்றுவிட்டார். நான் காத்திருந்தேன். கடல் துண்டின்மீது ஒரு விளக்கு மெதுவாக நகர்ந்து போனது. சத்தம் திரும்பியபோது கேள்வி ஒன்று வந்தது: “...அந்த ஜெட்டியில வசதி உண்டுன்னு எழுதினவங்க, எப்பப் போய்ப் பார்த்தாங்கன்னு கேட்டீங்களா?”

இரண்டு வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த ஒரு கேள்வி.

கேட்க வேண்டியவர் அப்பாராவ். எங்கள் அலுவலகப் படகின் சராங், அதாவது அதை ஓட்டிச்செல்லும் தலைவர். தெலுங்குக்காரர், தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“சாப் லோக் போறதுன்னா நான் பானி பார்த்துத்தான் டைம் குடுப்பேன் மேடம்ஜி. ஃபுல்லா ஏறி இருக்கணும். அவங்க நேரா ஜெட்டியில கால் வைக்கணும். பாசியில சறுக்கி வுழுந்தா எனக்குத்தானே டாண்ட்?”

அவர் செய்தது மரியாதை. அவருக்கு முன்னிருந்த சராங்கும் அப்படித்தான் செய்தாராம். எத்தனையோ அதிகாரிகள் அந்த ஜெட்டிக்கு வந்துபோயிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்தப் படிகளைப் பார்த்ததில்லை. அவர்கள் வரும்போதெல்லாம் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. நானும் அதுவரை அலுவலகப் படகில்தான் போய்வந்திருந்தேன். அன்று அது வேறு வேலையாய்ப் போயிருந்தது; நான் காலைப் பயணிகள் படகில் போகாமலிருந்தால், எனக்கும் தெரிந்திருக்காது.

வட்டார அதிகாரி கௌசல்யாவின் வீட்டுக்கு வரவேண்டிய நாளைக் குறிக்கும் வேலை என்னுடையது. காலண்டரில் அமாவாசையைப் பார்த்தேன். அது கழிந்து நாலைந்து நாளில் காலை நேரம் நன்றாக வற்றிக் கிடக்கும். அதில் ஒரு நாளைச் சொன்னேன்.

“மேடம்ஜி, அன்னிக்கு சுபே பாட்டா” என்றார் அப்பாராவ்.

“தெரியும் அண்ணா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, “டாண்ட் விழுந்தா ஆதா ஆதா” என்றார். திட்டு விழுந்தால் ஆளுக்குப் பாதியாம்.

ஜெட்டியில் நடந்த கூட்டம்

அதிகாரி அம்மா பெங்காலி. நல்லவர். முழங்கால் வலிக்காரர். அன்று வெளிர்நீலப் புடவை கட்டியிருந்தார். படகு ஜெட்டியை ஒட்டி நின்றதும் எழுந்து, கால் வைக்க இடம் தேடினார். எதிரே சுவர்தான் இருந்தது. பக்கத்தில் பாசி மினுமினுக்கும் படிகள்.

படகுப் பையன்கள் இருவர் முன்வந்தார்கள். “நாங்க தூக்கி ஏத்திடுறோம் மேடம்” என்று இந்தியில் சொன்னார்கள்.

“நஹி, நஹி. யாரும் தொட வேண்டாம்.” அவர் சட்டென்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேலே விளிம்பில் கௌசல்யா சீருடையோடு இருந்தாள். பக்கத்தில் பார்வதி. எங்களுக்கு நாற்காலியின் சக்கரங்களும், கால்வைக்கும் பலகையும், அதற்கு மேலே வெகு உயரத்தில் அவள் முகமும் தெரிந்தன.

“தண்ணீர் எப்போது ஏறும்?” என்று அதிகாரி அம்மா கேட்டார்.

“ஏறும் மேடம்” என்றார் அப்பாராவ். எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். போனால் என் கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலுவலகத்திலிருந்தே உத்தரவு வந்துவிடும். அவர் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திறந்தார். அங்கிருந்தபடியே கூட்டம் தொடங்கியது, அவர் கீழே, அவள் மேலே.

கேள்விகள் இந்தியில் மேலே போயின, பதில்கள் இந்தியில் கீழே வந்தன. ஏன் அடிக்கடி வருவதில்லை? படிகளைக் காட்டினாள். யாரும் தூக்கிவிட மாட்டார்களா? “தூக்குவாங்க மேடம். எனக்குப் பிடிக்கல.” அதிகாரி அம்மா அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியை வந்து சொல்லிக்கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்டார். “டீச்சர் வருவாங்க. கிளாஸ் வராதே” என்றாள் கௌசல்யா.

பிறகு கேள்விகள் தீர்ந்துவிட்டன. தண்ணீர் மட்டும் தீரவில்லை, மெதுவாக வந்துகொண்டிருந்தது. பார்வதி வீட்டுக்குப் போய் டீ போட்டுத் தூக்குவாளியில் ஊற்றி, கயிறு கட்டி இறக்கினாள். அதிகாரி அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படிச்சுவரில் சின்ன நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. படகு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அப்பாராவ் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வெயில் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நேரம் போனதும் தெரியவில்லை, எந்த ஊரில் இருக்கிறேன் என்பதும் தெரியவில்லை. ஒவ்வொரு படியாகக் கடல் விழுங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் நகராமலே உயர்ந்துகொண்டிருந்தோம்.

என் ஆய்வின் முடிவைக் கேட்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஜெட்டியையும் கடல் ஏறியிருக்கும்போது ஒருமுறை, வற்றியிருக்கும்போது ஒருமுறை பார்க்காமல் வசதி உண்டு என்று எழுதக் கூடாது என்பதே என் பரிந்துரை. இவ்வளவுதானா என்று தேர்வாளர் ஒருவர் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கரைக்கு மிதவை கேட்ட கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் கௌசல்யாவின் சக்கரங்கள் எங்கள் தலைக்கு நேரே வந்தன. பிறகு அவள் முழங்கால். பிறகு மடியிலிருந்த பை. அதிகாரி அம்மா இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் கொடுத்திருந்த அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதை ரத்து செய்துவிடுங்கள். பாட்டா நாட்களில் இந்தப் பெண் எப்போது வந்தாலும் வருகைதான் என்று பள்ளிக்கு நான் எழுதுகிறேன்” என்றார். குரலில் அலுப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

பார்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

படகுத் தளமும் ஜெட்டியும் ஒன்றாக நின்றபோது பையன்கள் பலகையைப் போட்டார்கள். அதிகாரி அம்மா இறங்கவில்லை. கௌசல்யா தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே வந்தாள். பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. அவர் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார். இரண்டு பேர் முகங்களும் இப்போது ஒரே உயரத்தில் இருந்தன.

“பாட்டா நாட்களில் நீ இவ்வளவு நேரம் இப்படிக் காத்திருப்பாயா?” என்று அவர் கேட்டார்.

கௌசல்யா சக்கரத்தின் பிரேக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“காத்திருப்பேன் மேடம். இன்னிக்குத்தான் கூட ஆள் இருந்துச்சு.”